சச்சியண்ணையின் ஒற்றைவெடிப் பிஸ்டல்

சூரிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லீரனில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்த சச்சிதானந்தனுக்கு, சுவிஸுக்கு வந்த நாள் தொடக்கம் ஒரேயொரு காரியம்தான் ஆகவேண்டியிருந்தது. அவருடைய அகதி விண்ணப்பத்தை ஏற்கவேண்டும். ஏற்றால், சுன்னாகத்தில் இருக்கும் மனைவி மனோகரியையும் மகளையும் கூப்பிடலாம். ஏற்காவிட்டால் அவர் திரும்பிப் போகவேண்டும். போனால் என்ன நடக்கும் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. 1984இல் வந்த எங்கள் எல்லோருக்கும் இதே கதைதான் என்றாலும், அவரைப்போலத் துவக்குக்குப் பயந்த ஒரு மனிதனை நான் கண்டதில்லை. அந்த மனிதர்தான் ஒரு பிஸ்டலில் ஆசை வைத்தார்.

நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. யார்மேல் கோபம் என்று கேட்டால், ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கலாம். அதில் ஒரு பங்கு பிஸ்டலுக்கும் உண்டு.

ஊரில் அவர் சங்கக்கடை மனேச்சர். அரிசி, சீனி, மண்ணெண்ணெய் என்று அளந்து கொடுத்து, மாலையில் கதவைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆள். ஒரு நாள் இயக்கப் பெடியள் வந்து துவக்கைக் காட்டி மண்ணெண்ணெய்ப் பரல்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் ஆமி வந்து, ஏன் கொடுத்தாய் என்று கேட்டது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஒருவன் துவக்கு முனையை அவர் தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினான். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த மகள் தூக்குச் சட்டியோடு கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அவரை விட்டுவிட்டு, கடையில் நின்ற உதவியாளரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான் சச்சியண்ணை புறப்பட்டார்.

அவர் தப்பி வந்து சேர்ந்த நாடோ ஞாயிற்றுக்கிழமை ரயிலில் பள்ளிப் பிள்ளை புத்தகம் கொண்டு போவதுபோல ஆமிப் பெடியள் துவக்கு கொண்டு போகிற நாடு. முதல் தடவை நாங்கள் வின்டர்தூருக்கு ரயிலேறினபோது, மீசை அரும்பின ஒரு பெடியன் சீருடையோடு ஏறினான். துவக்கை மேல்தட்டில் போட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் இருந்து நித்திரையானான். அடுத்த ஸ்டேசன் வந்தபோது எனக்குப் பக்கத்தில் சச்சியண்ணையைக் காணவில்லை. இறங்கிவிட்டார். ஓகஸ்ட் முதலாம் திகதி, இந்த நாட்டின் பிறந்தநாள், ஊரெல்லாம் வாணம் விட்டார்கள். அவர் குளியலறைக் கதவைப் பூட்டி, தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, தொட்டிக்குள் உடுப்போடு இருந்தார். நித்திரை என்பதே அவருக்கு இல்லை. எப்போது கண் விழித்தாலும் கட்டிலில் சுவரோடு சாய்ந்து இருப்பார். நான் உணவகத்தில் கோப்பை கழுவிக் களைத்து வந்து விழுந்து படுப்பேன். அந்த மனிதர் இருக்கிற இருப்பைப் பார்த்து எனக்கும் நித்திரை கெடும்.

வேலை அவருக்கு ஒரு சலவை ஆலையில் கிடைத்தது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து எடுத்து மடிக்கிற வேலை. அங்கே கொதிகலன் பார்க்கிற ரூடி என்ற சுவிஸ்காரர் அவருக்குச் சிநேகிதர் ஆனார். ரூடிக்கும் அவருக்கும் ஒரே வயது, இருவருக்கும் தலை வழுக்கை, இருவருக்கும் அதிகம் கதைக்க வராது. இவருக்கு ஜெர்மன் தெரியாததால் கதைக்க வராது, அவருக்கு ஜெர்மன் தெரிந்தும் கதைக்க வராது. பொருத்தமான சோடி.

ரூடி ஒரு சனிக்கிழமை அவரைத் தன்னுடைய சங்கத்துக்கு வரும்படி கேட்டார். என்ன சங்கம் என்று விளங்காமலே இவர் தலையாட்டிவிட்டார். ஊரில் சங்கம் என்றால் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் என்று இருந்த மனிதர் அல்லவா, என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் அது சுடுகிற சங்கம். காட்டோரத்தில் ஒரு மரக் கொட்டில், தூரத்தில் கடுதாசி வட்டங்கள், பெஞ்சில் செர்வெலா என்ற இறைச்சிச் சொசேஜும் பியருமாக ஏழெட்டு ஆண்கள். நான் திரும்பிப் பார்த்தேன். சச்சியண்ணையின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஓடியிருப்பார். ஆனால் ரூடி அவர் கையில் பாணையும் கடுகுச் சட்னியையும் கொடுத்துவிட்டார். கையில் சாப்பாட்டோடு ஓடுவது மரியாதை இல்லை என்று நின்றார்.

பிறகு ரூடி ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு பிஸ்டல். வளைந்த வால்நட் பிடி, எட்டுப் பட்டையாக நீண்ட குழல், பித்தளைப் பூண். நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய துரைமார் இடுப்பில் செருகியிருந்த மாதிரி. ஆனால் பழசு இல்லை. இத்தாலியில் போன வருடம் செய்தது. புதிதாக ஒன்றைப் பழசாகச் செய்து விற்கிறார்கள், அதை வாங்கவும் ஆள் இருக்கிறது. இதைவிட வேலைமெனக்கெட்ட வேலை உலகத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

அதைச் சுடுவதென்றால் ஒரு சமையலுக்குரிய பாடு. குழலின் வாயால் கருமருந்தை அளந்து கொட்டவேண்டும். கொழுப்புத் தடவிய சின்னத் துணி வட்டத்தை வாயில் விரித்து, அதன்மேல் ஈயக்குண்டை வைத்து, ஒரு குச்சியால் அடிவரைக்கும் தள்ளவேண்டும். பின்பக்கத்தில் ஒரு செப்புத் தொப்பியைப் பொருத்தி, சுத்தியலை இழுத்து, குறி பார்த்து, அப்புறம்தான் வெடி. அதுவும் ஒரே ஒரு வெடி. பிறகு துடைத்து, முதலிலிருந்து தொடங்கவேண்டும். அன்று தூறல் வேறு. ரூடி இவ்வளவையும் செய்துவிட்டு விசையை இழுத்தார். 'டிக்' என்றது. அவ்வளவுதான். பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ரூடியும் சிரித்தார். சச்சியண்ணை அவர்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

மறுபடி நிரப்பிச் சுட்டபோது வெடித்தது. வெள்ளைப் புகை எழும்பி ரூடியை மூடிவிட்டது. சீனவெடி வாசம் வந்தது. புகை விலகும்வரைக்கும் குண்டு எங்கே போனது என்று சுட்டவருக்கே தெரியாது. நான் சச்சியண்ணையைப் பிடிக்கத் தயாராக நின்றேன், அவரோ பாணைக் கடித்தபடி கிட்டப் போனார்.

"யோகன், இதைப் பார்," என்றார். "இதாலை ஒருத்தனைச் சுட வேணுமெண்டால், அவனும் கூட நிண்டு உதவி செய்ய வேணும்."

"அண்ணை, துவக்கு துவக்குத்தான். வாங்கோ போவம்," என்றேன்.

"இல்லையடா. நிரப்பி முடியிறதுக்கிடையிலை கோவம் போயிடும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனார். குண்டு வட்டத்தில் படுகிறதா என்பதில் அவருக்கு அக்கறையே இல்லை. அந்த அளப்பது, விரிப்பது, தள்ளுவது, துடைப்பதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. சனிக்கிழமைகளில் அவர் நித்திரை கொள்ளத் தொடங்கினார். பிறகு மற்ற நாட்களிலும் கொண்டார். குறட்டை விட்டார். குறட்டைக்காக ஒரு மனிதனை வாழ்த்தியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அந்த ஐப்பசியில் நவராத்திரி வந்தது. வீட்டில் தொலைக்காட்சி வைக்கிற மேசையில் சரஸ்வதி படத்தை வைத்து, அவலும் கடலையும் படைத்தோம். எங்கள் வழக்கம் தெரியுமே. நம்மை வாழவைக்கிற பொருள் எதுவோ அதைப் பூசையில் வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, அன்று அதைத் தொடாமல் ஓய்வு கொடுப்போம். நான் உணவகக் கத்தியை வைத்தேன். மற்றவர்கள் ஜெர்மன் படிக்கிற கொப்பி, திருப்புளி, சைக்கிள் திறப்பு என்று வைத்தார்கள். சச்சியண்ணை ரூடியிடம் இரவல் வாங்கி வந்த மரப்பெட்டியைத் திறந்து, பிஸ்டலை எடுத்து வைத்தார்.

"அண்ணை, விசர் வேலை பாக்காதேங்கோ. உங்கடை மடிக்கிற கையுறையை வையுங்கோ."

"கையுறை எனக்குச் சம்பளம் தந்தது. இது எனக்கு நித்திரை தந்தது, தம்பி. எது பெரிசு?"

அவரே சந்தனம் குழைத்து, பிடியிலும் குழலிலும் பொட்டு வைத்தார். குங்குமம் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டுப்பட்டது. எங்களில் ஒருவர் படம் எடுத்தார். ஊருக்கு அனுப்பவென்று எடுத்த படம்.

படச்சுருளைக் கழுவக் கொடுத்த இடத்தில் அதை யாரோ பார்த்திருக்கிறார்கள். கறுத்த ஆண்கள் ஐந்து பேர், நடுவில் பிஸ்டல், அதன்மேல் சிவப்பாக ஏதோ சிந்தியிருக்கிறது. நாங்கள் படத்தை எடுக்கப் போகமுதல் பொலிஸ் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. வந்தவர்கள் மரியாதையாகத்தான் நடந்தார்கள். சப்பாத்தைக் கழற்றச் சொன்னோம், கழற்றினார்கள். பெட்டி ரூடியிடம் திரும்பிப் போயிருந்தது. ரூடி பொலிசுக்குப் போய், அது தன்னுடையது, விளையாட்டுச் சாமான், களவு ஒன்றும் இல்லை என்று சொல்ல, அவர்களும் சரி என்று விட்டார்கள். நாங்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். ஆனால் அந்தப் படத்தின் பிரதி ஒன்று சச்சியண்ணையின் அகதிக் கோப்புக்குள் போய் இருந்துகொண்டது. மாசி மாதம் அவரை இரண்டாம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

துணைக்கு நான் போகலாம் என்றார்கள். ரூடி கேளாமலே லீவு போட்டுவிட்டு, சலவை செய்த சட்டையும் மரப்பெட்டியுமாக வந்தார். அதை அவர்கள் கண்ணால் பார்த்தால் தாங்களே சிரித்துவிடுவார்கள், பிரச்சினை முடிந்துவிடும் என்பது அவருடைய யோசனை. வாசலில் நின்ற காவலாளி பெட்டியைத் திறந்து பார்த்து, தன் மாமாவிடமும் இப்படி ஒன்று உண்டு என்று சொல்லி உள்ளே விட்டார்.

அதிகாரி நாற்பது வயதுக்காரர், சாந்தமான முகம். மொழிபெயர்க்க வந்தவர் மதுரைப் பக்கத்துப் பெண். "பயப்படாதீங்க சார், மெதுவா சொல்லுங்க, நான் அப்படியே சொல்லிடறேன்," என்றார். சச்சியண்ணை எல்லாவற்றையும் சொன்னார். மண்ணெண்ணெய்ப் பரல், தாடைக்குக் கீழே வைத்த துவக்கு, வாசலில் நின்ற பிள்ளை, திரும்பி வராத உதவியாளர். சொல்லும்போது தொடையில் வைத்த கை இரண்டும் நடுங்கின. அந்தப் பெண் ஒரு சொல் விடாமல் பெயர்த்தார். பிறகு அதிகாரி படத்தை மேசையில் வைத்தார்.

"துப்பாக்கின்னா பயம், பார்த்தாலே தூக்கம் வராதுன்னு சொல்லியிருக்கீங்க. அப்போ இது என்னன்னு கேட்கிறார் சார்."

"இது அது இல்லை, தங்கச்சி. இது வேறை."

"எப்படி வேறன்னு கேட்கிறார்."

"இதாலை ஒருத்தரையும் வெருட்டேலாது. இதை நிரப்பி முடிக்கிறதுக்கிடையிலை எதிராளி வீட்டை போய்ச் சாப்பிட்டுட்டு வந்திடுவான்."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை ஜெர்மனில் சொன்னார். அதிகாரியும் சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரூடி பெட்டியைத் திறந்தார். அதிகாரி பிஸ்டலை எடுத்து, குழலுக்குள் ஒன்றும் இல்லை என்று பார்த்து, பிடியை விரலால் தடவினார். நல்ல வேலைப்பாடு என்றார். ரூடி எப்படி நிரப்புவது என்று காட்டப் போனார். அதிகாரி அவரைத் தடுத்து, சச்சியண்ணை செய்து காட்டட்டும் என்றார்.

சச்சியண்ணை எழும்பினார். அந்தப் பிடியைத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. மருந்தும் இல்லை, குண்டும் இல்லை, வெறும் கைதான். ஆனாலும் இல்லாத மருந்தை அளந்து கொட்டினார். இல்லாத துணியை விரித்து, இல்லாத குண்டை அதன் நடுவில் வைத்து, குச்சியை எடுத்து அடிவரைக்கும் தள்ளினார். அவசரமே படவில்லை. நாங்கள் அங்கே இருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. தொப்பியைப் பொருத்துகிற மாதிரிச் செய்து, பிஸ்டலைச் சுவர்ப் பக்கம் நீட்டி, வாயாலேயே 'டிக்' என்றார். பிறகு தூறல் விழுகிறது என்று கையால் காட்டிவிட்டு, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், "இண்டைக்கும் இல்லை," என்று சொல்லி வாய் நிறையச் சிரித்தார்.

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண் சிரித்தார், ரூடி கை தட்டினார், அதிகாரி சிரித்துக்கொண்டே கோப்பில் ஏதோ எழுதினார். வெளியே வந்ததும் ரூடி கோப்பியும் கேக்கும் வாங்கித் தந்தார். மகளுக்குக் குளிர்ச் சட்டை எந்த அளவில் வாங்குவது என்று சச்சியண்ணை என்னிடம் கேட்டுக்கொண்டு வந்தார். பிள்ளை வளர்ந்திருப்பாள் என்று நான் ஒரு அளவு கூட்டிச் சொன்னேன்.

சித்திரையில் முடிவு வந்தது. நெகற்றிவ். எங்கள் ஆட்களுக்கு ஜெர்மனில் முதலில் விளங்குகிற சொல் அதுதான். காரணத்தை அகதிகளுக்கு உதவுகிற நிறுவனத்து அம்மா ஒருவர் வாசித்து மெதுவாக விளங்கப்படுத்தினார். விண்ணப்பதாரர் ஆயுதத்தைத் தளம்பாத கைகளுடனும் வெளிப்படையான மகிழ்ச்சியுடனும் கையாண்டார். ஆகவே, ஆயுதங்களைக் கண்டால் ஏற்படுவதாக அவர் சொல்லும் அச்சம் நம்பத்தக்கதல்ல. அச்சம் நம்பத்தக்கதல்லாதபடியால், அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட சம்பவங்களும் நம்பத்தக்கவை அல்ல. குறிக்கப்பட்ட திகதிக்குள் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்று நம்மவர்கள் சொல்வதைத்தான் அந்த அதிகாரி சட்டமாக எழுதியிருந்தார். போகுமய்யா! குளிர் தாங்காவிட்டால் போகும். தணல் அவிந்துவிட்டது என்று தெரிந்தால் போய்ச் சாம்பலுக்குள் படுத்துக்கொள்ளும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் பாவம், மேன்முறையீடு செய்வோம் என்றார்.

ரூடி அலுவலகத்துக்குப் போய்க் கத்தியிருக்கிறார். வாயே திறக்காத மனிதர், எல்லாச் சுவிஸ் ஆண்களையும்போல என் அலுமாரிக்குள்ளும் ஆமி தந்த துவக்கு இருக்கிறது, அதைத் தொட எனக்கும் விருப்பம் இல்லை, இதைத் தொடத்தான் விருப்பம் என்று மேசையில் அடித்துச் சொல்லியிருக்கிறார். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. பெட்டியைக் கொண்டுபோனது தன் பிழை என்று எங்கள் வீட்டுப் படியில் இருந்து அழுதார். சச்சியண்ணைதான் அவருக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார்.

சனிக்கிழமை போவது நின்றது. நித்திரையும் நின்றது. மேன்முறையீட்டுக்கு மறுபடி விசாரணைக்குக் கூப்பிடலாம் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஒரு நாள் குசினியில் என்னிடம் வந்தார்.

"யோகன், பயந்த ஆள் எப்பிடி இருக்கும்?"

"என்ன அண்ணை கேக்கிறியள்?"

"அவங்கள் பாக்கிற மாதிரி எப்பிடிப் பயப்பிடுறது எண்டு கேக்கிறன். கையை நடுக்க வேணுமோ? அழ வேணுமோ? எனக்குத் தெரியேல்லையடா."

கையை நீட்டி, வேணுமென்று நடுக்கிக் காட்டினார். அது பொய் நடுக்கம் என்று குழந்தைக்கும் விளங்கும். இப்படியோ, இல்லை இப்படியோ என்று மறுபடி மறுபடி கேட்டார். அந்த நேரம் மேல்வீட்டில் யாரோ கதவை அடித்துச் சாத்தினார்கள். சச்சியண்ணை சட்டென்று நிலத்தில் குந்தி, தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நானும் பக்கத்தில் குந்தினேன். முதுகில் கை வைத்தேன், உடம்பு முழுக்க உதறியது. அதைப் பார்க்க அந்தக் குசினியில் அதிகாரி யாரும் இருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

மறுபடி விசாரணைக்குக் கூப்பிடவில்லை. கோப்பைப் பார்த்தே தள்ளிவிட்டார்கள். கோடைகாலம் வந்துவிட்டது. பிரான்சுக்குப் போய் ஒளியுங்கோ என்று நாங்கள் சொன்னோம். திரும்பவும் எல்லை தாண்டி, திரும்பவும் முதலிலிருந்து ஒருவனுக்கு முன்னால் இருந்து அந்தக் கதையைச் சொல்ல அவரிடம் தெம்பில்லை. இவ்வளவு சொல்லியும் நம்பாதவர்களுக்கு இனி என்னத்தைச் சொல்லுகிறது என்றார்.

மனோகரி அக்காவுக்குச் சொல்லவேண்டியிருந்தது. சுன்னாகத்தில் தொலைபேசி வைத்திருந்த ஒரு இரும்புக்கடைக்கு அவரை வரச் சொல்லி முன்னமே அறிவித்திருந்தோம். ரூடி தன் வீட்டிலிருந்து எடுக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை நானும் கூடப் போனேன். இணைப்புக் கிடைத்ததும், அந்தக் காலத்துக் கத்தலில், அக்கா சொன்னது அறை முழுக்கக் கேட்டது.

"இஞ்சருங்கோ, கேக்குதோ?"

"கேக்குது. நீர் கத்தாமல் கதையும்." சச்சியண்ணை றிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். "மனோகரி, இல்லையெண்டு சொல்லிப்போட்டாங்கள். நான் வாறன்."

இரைச்சலுக்குள்ளால் அக்காவின் குரல் மறுபடி வந்தது.

"ஏனாம்? நடந்ததைச் சொன்னனீங்களோ? பிள்ளை பாத்துக்கொண்டு நிண்டதையும் சொன்னனீங்களோ?"

"எல்லாம் சொன்னனான்."

"அப்ப ஏன் நம்பேல்லை?"

ரூடி தண்ணீர்க் கிளாசோடு கதவருகில் நின்றார். அவருக்கு மொழி விளங்காது, முகம் விளங்கியது. சச்சியண்ணை வயரை விரலில் சுற்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

"நான் அங்கை சிரிச்சுப்போட்டன், மனோகரி."

திட்டுவார், அழுவார் என்று நான் நினைத்தேன். அக்கா கேட்டார், கத்தாமல், எனக்கு அரைகுறையாகத்தான் விழுந்தது.

"நீங்களோ? உண்மையாவே சிரிச்சனீங்களோ?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. இரண்டு வருடத்துக்கு மேலாகக் கேட்காத ஒரு நல்ல செய்தியைக் கேட்டவர்போல, மறுபடி ஒருமுறை கேட்டார். சச்சியண்ணை றிசீவரை என் பக்கம் நீட்டினார். நான் போய் வாங்கி, "ஓம் அக்கா, சிரிச்சவர். நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான்," என்று சொன்னேன்.